வீட்டுச் சாப்பாடுதானே!

இதய நோய் என்று பேச்சு வந்துவிட்டால் பிரியாணி, புரோட்டா, முட்டை மஞ்சள்கரு, நெய் என்று நாலைந்து பேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு எழுந்து போய்விடுவது நம் வழக்கம். மாதத்துக்கு ஒரு தடவை சாப்பிடுகிற பிரியாணிக்கு இத்தனை விசாரணை. முப்பது நாளும் மூன்று வேளையும் தட்டில் விழுகிறதைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது.

நான் மளிகைக் கடைக்காரன். விருதுநகர்ப் பக்கம், அப்பா காலத்துக் கடை. ஒரு வீட்டின் மாதச் சிட்டை கையில் இருந்தால் அந்த வீட்டு அடுப்பில் என்ன நடக்கிறது என்று அந்த வீட்டுக்காரர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். யாரைக் கேட்டாலும் எண்ணெய் கம்மி, உப்பு கம்மி, இனிப்பு தொடுவதே இல்லை என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிட்டை வேறு கதை சொல்லும்.

எங்கள் பெரிய மாமாவுக்கு 52 வயதில் நெஞ்சுவலி வந்தது. பீடி சிகரெட் கிடையாது, குடி கிடையாது, கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஆள் ஒல்லி, வயிறு மட்டும் லேசாக முன்னால் தள்ளியிருக்கும். ரத்தக் குழாய் அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைத்து டிஸ்சார்ஜ் ஆகிற அன்று உணவு ஆலோசகர் என்று ஒரு பெண் வந்தார். சின்ன வயது. "என்னென்ன சாப்பிடுவீங்க சார்?" என்று மாமாவிடம் கேட்டார். பதில் அத்தையிடமிருந்து வந்தது.

"வெளிய எங்கயும் கை நனைக்க மாட்டாங்கம்மா. எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான். காலைல நாலு இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி ரெண்டு தோசை. எண்ணெயெல்லாம் ரொம்பக் கம்மியாத்தான் ஊத்துவேன்."

"மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குவீங்க?"

அத்தை சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். அவர்கள் வீட்டுச் சாமான் நம் கடையிலிருந்துதான் போகிறது. கடலை எண்ணெய் இரண்டு, சூரியகாந்தி இரண்டு, நல்லெண்ணெய் ஒன்று, அது போக ரேஷன் பாமாயில் ஒன்று. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆறு லிட்டர். நான் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் மாமாவே, "சொல்லு மருமகனே, நீதான போடுற" என்றார்.

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. தாளின் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து எந்தச் சிட்டையைப் பார்த்தாலும் எனக்கும் அந்தக் கணக்குத்தான் ஓடுகிறது.

"ஒல்லியான ஆளுக்கு, கெட்ட பழக்கம் இல்லாதவருக்கு எப்படி வந்தது?" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரு வாரம் ஆச்சரியப்பட்டார்கள். பரம்பரை என்று ஒருவர் சொன்னார். கண் பட்டுவிட்டது என்று இன்னொருவர். 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வைப் படித்தால் இந்த ஆச்சரியம் போய்விடும். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. காரணங்களோ உலகம் முழுக்க ஒன்றேதான்: ரத்தக் கொழுப்பு, புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், உடலுழைப்பு, மது, அப்புறம் தினமும் காய்கறி பழம் சாப்பிடுகிறாரா என்பது. இந்த ஒன்பதுமே 90 சதவீதம் மாரடைப்பு ஆபத்துக்குக் கணக்குச் சொல்லிவிடுகின்றன. நமக்கு அவை சீக்கிரமே வந்து உட்கார்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான். ஒன்பதில் பாதிக்கு மேல் சாப்பாட்டோடு நேராகச் சம்பந்தப்பட்டவை.

மாமாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 118 என்று இருந்தது. பயமுறுத்தும் எண் இல்லை. ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு மட்டும் எகிறி 260. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 34. "எண்ணெய்ப் பலகாரமே தொடாத மனுஷனுக்கு ரத்தத்துல கொழுப்பு எங்கிருந்துங்க வருது?" என்று அத்தை கேட்டார். நல்ல கேள்வி. கொழுப்பு சாப்பிட்டால்தான் ரத்தத்தில் கொழுப்பு ஏறும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம்.

அது சோற்றிலிருந்தும் வரும். தீட்டிய அரிசி வயிற்றுக்குள் போனதும் வேகமாகக் குளுக்கோஸாகிறது. உடம்புக்குத் தேவையானது போக மிச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, இன்சுலின் சொன்னபடி கேட்காத உடம்பாக இருந்தால் இந்த வேலை இன்னும் மும்முரமாக நடக்கும். டிரைகிளிசரைடு ஏற ஏற எச்.டி.எல். இறங்கும். எல்.டி.எல். துகள்களும் உருவம் சுருங்கி, அடர்ந்து, ரத்தக் குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழையும்படி ஆகிவிடும். அதனால்தான் 118 என்கிற எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருக்க முடியாது. ஒல்லியான உடம்பு, சின்னத் தொப்பை, உயர்ந்த டிரைகிளிசரைடு, தாழ்ந்த எச்.டி.எல். என்பது நம் ஊர் ஆண்களிடம் அடிக்கடி காணப்படுகிற ஜாதகம். இடுப்புச் சுற்றளவு இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை என்று வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு வைத்த அளவு இதைவிடத் தாராளம்.

சென்னையில் நகரவாசிகளிடம் நடத்திய க்யூர்ஸ் (CURES) என்ற ஆய்வில், ஒரு நாள் கலோரியில் ஏறக்குறைய பாதி, தீட்டிய தானியத்திலிருந்து மட்டுமே வருகிறது என்று தெரிந்தது. அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி. 2025-இல் வந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (ICMR-INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வு நாடு முழுக்கப் பார்த்துவிட்டு, இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்றது. அத்தை சொன்ன பட்டியலை மறுபடி பாருங்கள். காலையில் இட்லி, அது அரிசி. மத்தியானம் சோறு. ராத்திரி தோசை, அதுவும் அரிசி. நடுவில் டீயோடு இரண்டு பிஸ்கட், அது மைதாவும் சர்க்கரையும். இட்லிக்குப் பதில் உப்புமா என்றால் ரவை, இல்லாவிட்டால் சேமியா. பெயர்தான் மாறுகிறது. டிபன், சாப்பாடு, பலகாரம் என்று நாம் பிரித்து வைத்திருப்பது கல்லீரலுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ராத்திரிச் சப்பாத்திக் கட்சிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். சர்க்கரையோ கொழுப்போ வந்துவிட்டால் முதல் காரியமாக ராத்திரி தோசையை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கு மாறுவது தமிழ்நாட்டில் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. மேலே சொன்ன அதே 2025 ஆய்வு இதையும் பார்த்திருக்கிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, கோதுமைக்குப் பதில் சிறுதானியம் என்று மாற்றிக்கொண்டால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறையவில்லை. மாவுச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் வகைப் புரதத்தை வைத்தபோதுதான் குறைந்தது. சர்க்கரை வந்தால் இதயம் பின்னாலேயே வரும் என்பதால் இது இதயத்துக்கும் சேர்த்துத்தான். சாமை அரிசியை மலை மாதிரிக் குவித்துச் சாப்பிட்டுவிட்டு ஆரோக்கியமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறவர்கள் என் கடைக்கே வருகிறார்கள். சிறுதானியத்தில் எனக்கு லாபம் அதிகம். அதனால் நான் இதைச் சொல்வது வியாபாரத்துக்கு நல்லதில்லை. ஆனாலும் அதுதான் உண்மை.

சரி, சிட்டைக்கு வருவோம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாள் தட்டு இப்படி இருக்கலாம் என்று கணக்குக் கொடுத்திருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, கறி, மீன் வகையறா 85 கிராம், காய்கறி 400 கிராம், எண்ணெய் 27 கிராம். இதை நான்கு பேருக்கு முப்பது நாளாகப் பெருக்கினால் தானியம் 30 கிலோ. நம் வீடுகளில் 25 கிலோ சிப்பம் ஒன்று, இட்லி அரிசி ஐந்து கிலோ. அதிலேயே கணக்கு முடிந்தது. அதற்கு மேல் ரவை, மைதா, கோதுமை மாவு, சேமியா, பிஸ்கட். தாண்டுகிறோம், ஆனால் தாறுமாறாக இல்லை.

பருப்பில்தான் வண்டவாளம் வெளியே வருகிறது. 85 கிராமை நான்கு பேருக்கு முப்பது நாள் பெருக்கினால் பத்துக் கிலோவுக்கு மேல் வரும். சராசரி வீட்டுச் சிட்டையில் துவரம்பருப்பு இரண்டு, உளுந்து இரண்டு, பாசிப்பருப்பு அரை, கடலைப்பருப்பு அரை. ஞாயிற்றுக்கிழமைக் கறியையும் அவ்வப்போதைய முட்டையையும் சேர்த்தாலும் எட்டாது. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். நான்கு பேருக்கு ஒரு ஆழாக்குப் பருப்பு போட்டுப் புளித்தண்ணீரில் நீட்டி வைக்கிற சாம்பாரில் ஒருவருக்கு எவ்வளவு போய்ச் சேரும்?

காய்கறி என் கடைச் சரக்கு இல்லை, ஆனால் பக்கத்துக் கடையில் காது கொடுத்தால் போதும். "பீன்ஸ் கால் கிலோ போடுங்க." நான்கு பேர் வீட்டுக்கு ஒரு வேளைப் பொரியல் அது. ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டிய இடத்தில் கால் கிலோ பீன்ஸும் சாம்பாரில் இரண்டு முருங்கைக்காயும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் காய் என்கிற அமைப்பிலேயே நாம் வளர்ந்திருக்கிறோம். கல்யாண வீட்டு இலையில்கூடக் கூட்டும் பொரியலும் ஒரு கரண்டி. சோறு மட்டும்தான் மறுபடி மறுபடி வரும், வேண்டாம் என்று கை குறுக்கே வைத்தாலும் வரும்.

எண்ணெய்க்கு 27 கிராம் என்றால் நான்கு பேருக்கு மாதம் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். அத்தை வீட்டில் ஆறு. இதில் வெளியே வாங்கும் மிக்சர், முறுக்கு, வடை சேரவில்லை.

எந்த எண்ணெய் என்ற சண்டை தனி. நாகர்கோவில் பக்கம் போய்த் தேங்காயெண்ணெயைக் குறை சொல்லிவிட்டு முழுசாகத் திரும்ப முடியாது. ஆனால் கணக்கு கணக்குதான். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் பாதி. நல்லெண்ணெயில் அது ஏழில் ஒரு பங்குதான். நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் கண்டுபிடித்ததைத் தெரிந்துகொண்டால் போதும். 1985-இல் அவர்களுக்கு நோபல் பரிசு. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் செல்களின் மேல், முக்கியமாகக் கல்லீரலில், இருக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் கல்லீரலில் இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. எல்.டி.எல். எடுப்பாரில்லாமல் ரத்தத்திலேயே சுற்றி, வருஷக்கணக்கில் குழாய்ச் சுவரில் படிகிறது. தேங்காயெண்ணெய் பற்றி நடந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2020-இல் வந்த கட்டுரை, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது எல்.டி.எல்.-ஐ 10 புள்ளி அளவுக்கு ஏற்றுகிறது என்றது. தலைக்குத் தடவுவதை யாரும் தடுக்கவில்லை. அவியலில் கடைசியாக ஊற்றுகிற ஒரு கரண்டிக்கும் நான் எதிரி இல்லை. எல்லாச் சமையலையும் அதிலேயே செய்துவிட்டு, "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் இதத்தான் சாப்பிட்டார்" என்று சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பேச்சு. தாத்தா அதோடு சேர்த்துத் தினமும் எட்டு மைல் நடந்தார், வரப்பு வெட்டினார். அந்தப் பகுதியை மட்டும் பேரன் எடுத்துக்கொள்வதில்லை.

செக்கு எண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நானும் விற்கிறேன். வாசம் அருமை, சூடு படாமல் ஆட்டுவதால் சில நுண்சத்துகள் தங்குகின்றன. ஆனால் மரச்செக்கில் ஆட்டினாலும் இரும்பில் ஆட்டினாலும் கடலைக்குள் இருக்கும் கொழுப்பின் வகை மாறாது, கலோரியும் மாறாது. விலை கூடுதலாக இருப்பதால் கம்மியாக ஊற்றுவார்கள் என்றுதான் நினைத்தேன். நடப்பது நேர்மாறு. "செக்கு எண்ணெய்தானே, ஒண்ணும் செய்யாது" என்று கை தாராளமாகிவிடுகிறது.

எங்கள் ஊர் எண்ணெய்ப் புரோட்டாவைப் பற்றி எழுதாமல் விட்டால் ஊர்க்காரன் இல்லை என்பார்கள். கல்லில் எண்ணெயைக் குளமாகக் கட்டி, மைதா உருண்டையைத் தட்டிப் போட்டு, மொறுமொறுவென்று எடுத்து, சால்னா ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவது. வெளியூரிலிருந்து இதற்காகவே வருகிறார்கள். எப்போதாவது சாப்பிடுகிறவருக்கு ஒரு குடியும் முழுகிவிடாது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தினமும் அதையே சாப்பிடுகிற லாரி டிரைவர்களை நினைத்தால்தான் கவலை.

எனக்குப் புரோட்டாவைவிடப் பயம் பஜ்ஜிக் கடை எண்ணெய்ச்சட்டியில். சாயந்திரம் நான்கு மணிக்கு டீக்கடை ஓரத்தில் நின்று பாருங்கள். சட்டியில் இருப்பது டீ டிக்காக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்ட எண்ணெய். மாவு விழுந்ததும் குமிழ் சின்னதாக இல்லாமல் சோப்பு நுரை மாதிரி பொங்கி ஓரத்தில் நிற்கும். அடியில் கருகிய மாவுத்தூள். ராத்திரி கடை கட்டும்போது அதைக் கொட்ட மாட்டார்கள். துணியில் வடிகட்டி டின்னில் ஊற்றி வைத்து, மறுநாள் குறைந்த அளவுக்குப் புது எண்ணெய் சேர்ப்பார்கள். அந்தச் சட்டியில் முதல் நாள் எண்ணெய் முற்றாகத் தீர்ந்துபோகிற நாள் என்று ஒன்று வருவதே இல்லை. பெரிய கடைகளில் கழித்த எண்ணெயைச் சின்னக் கடைகள் வாங்கிப் போகிற வழக்கமும் உண்டு. திரும்பத் திரும்பக் காய்கிற எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டு, ரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கும் பொருள்கள் அதில் சேர்கின்றன. கொஞ்சம் டிரான்ஸ் கொழுப்பும் உருவாகிறது. பொரிக்கும் எண்ணெயில் இப்படிக் கெட்ட பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இலிருந்து விதி வைத்திருக்கிறது. அளந்து பார்க்கக் கருவியும் உண்டு. தள்ளுவண்டிக்கு யார் கருவி கொண்டுபோகிறார்கள்?

வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அப்பளம் பொரித்த எண்ணெய் கிண்ணத்தில் மூடி வைக்கப்பட்டு, மறுநாள் தாளிப்புக்கு, அதற்கடுத்த நாள் உருளைக்கிழங்கு வறுவலுக்கு என்று பயணம் போகும். வீணாக்க மனம் வராது. லிட்டர் என்ன விலை விற்கிறது என்று எனக்குத் தெரியாதா? அதற்கு வழி, வாணலி நிறையக் காயவைக்காமல் கொஞ்சமாக ஊற்றிப் பொரிப்பதுதான். அப்பளத்தை அனலில் சுட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

டால்டாவைப் பற்றி நல்ல செய்தியும் ஒன்று உண்டு. வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.-ஐ ஏற்றி எச்.டி.எல்.-ஐயும் இறக்கும், இரண்டு பக்கமும் அடி. இந்தியாவில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதன் அளவு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் 2022 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. மனிதர்களைத் திருத்துவதைவிடச் சரக்கைத் திருத்துவது சுலபம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

உப்பு விஷயத்தில் சரக்கும் திருந்தவில்லை, நாமும் திருந்தவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது, ஒரு டீஸ்பூன். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். என் கடையில் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கிலோ பாக்கெட் இரண்டு போகிறது. கோலத்துக்கும் கழுவுவதற்கும் கொஞ்சம் போனாலும், ஊறுகாய் பாட்டில், அப்பளக் கட்டு, மோர்மிளகாய், வத்தல், மிக்சர் எல்லாம் அதற்கு மேல்தான். கருவாடு வாங்கும் வீடுகளுக்குத் தனிக் கணக்கு. தயிர்சாதத்துக்கு ஊறுகாய் இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது என்று சொல்கிற மாமாவுக்கு ரத்த அழுத்தம் எப்போதிலிருந்து இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நெஞ்சுவலி வரும்வரை அளந்து பார்த்ததே இல்லை. அழுத்தம் ஏறினால் தலை சுற்றும், பிடரி வலிக்கும் என்று காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் எதுவும் தெரியாது.

சீனாவில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரிடம் ஒரு பெரிய சோதனை செய்தார்கள். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மீதிப் பாதிக்கு, நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. சமையலை யாரும் மாற்றவில்லை. ஐந்து வருஷத்தில் உப்பை மாற்றிய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது; மாரடைப்பும் மரணங்களும்கூடக் குறைந்தன. 2021-இல் முடிவு வந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் சில ரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக் கூடாது. இதைக் கேட்டுவிட்டு யாராவது இந்துப்பு வாங்க வந்தால் நான் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்: இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், நிறம் மட்டும் ரோஸ்.

ஒரு ஊரே சாப்பாட்டை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டால் பின்லாந்தில் மாற்றியிருக்கிறார்கள். அந்த நாட்டின் கிழக்கே வடக்கு கரேலியா என்று ஒரு மாகாணம். காடும் பால்பண்ணையும்தான் பிழைப்பு. ரொட்டியில் வெண்ணெய், சமையலில் வெண்ணெய், கொழுப்பெடுக்காத பால், உப்புக் கண்டம். காய்கறியை மாட்டுத் தீவனம் என்று நினைத்த மரம்வெட்டிகள். நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் செத்து விழுவதில் உலகத்திலேயே முன்னணியில் இருந்த பகுதி அது. 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அவர் ஆஸ்பத்திரி கட்டப் போகவில்லை. மார்த்தா சங்கம் என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து ஊர் ஊராகச் சமையல் கூட்டங்கள் நடத்தினார். அவர்கள் வழக்கமாகச் செய்கிற குழம்பையே கொழுப்பும் உப்பும் குறைத்து, காய் கூட்டிச் செய்து காட்டினார்கள். பால்பண்ணைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். பால் தொழிலை விட்டவர்கள் அங்கே நன்றாக விளையும் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாற உதவினார்கள். நாற்பது வருஷத்தில் அந்த மாகாணத்தில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. புகையை விட்டதும் சிகிச்சை முன்னேறியதும் அதில் உண்டு. ஆனாலும் முதல் வருஷங்களில் வந்த சரிவில் பெரும்பங்கு சாப்பாடு மாறி, கொலஸ்டிரால் இறங்கியதால் வந்தது.

அங்கே ஊருக்கே மாற்றினார்கள். இங்கே ஒரு வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கு மட்டும் மாற்றுகிறோம். மாமா வீட்டில் முதல் இரண்டு மாதம் நடந்தது அதுதான். அவருக்குத் தனிப் பாத்திரத்தில் உப்பில்லாத கூட்டு, வேகவைத்த காய், ஓட்ஸ் கஞ்சி. மற்ற மூன்று பேருக்குப் பழையபடி எல்லாம். பத்தியம் என்று பெயர் வைத்துவிட்டால் அது நோயாளிக்கு மட்டும் என்று ஆகிவிடுகிறது. அவருடைய மகனுக்கு 26 வயது, அதே உடல்வாகு, அதே குட்டித் தொப்பை. அப்பாவுக்கு இந்த வயதில் வந்திருந்தால் பிள்ளைக்கு இப்போதே ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவன் காதில் வாங்கவே இல்லை.

அத்தையைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் பானையில் மிஞ்சிய சோறு, சட்டியில் மிஞ்சிய குழம்பு, காய் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஊறுகாய். "வீணாப் போகக் கூடாதே" என்று சாப்பிடுகிறவருக்குத்தான் அந்த வீட்டிலேயே மாவுச்சத்து அதிகம், காய்கறி குறைவு. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் இதய ஆபத்து வேகமாக ஏறுகிறது. வலி நெஞ்சில் வராமல் மூச்சுத்திணறலாக, தாங்க முடியாத அசதியாக வந்தால் வாய்வு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அந்த உணவு ஆலோசகர் இரண்டாம் முறை பார்த்தபோது அத்தைக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். எல்லாருக்கும் ஒரே சட்டி என்ற ஏற்பாடு அதற்குப் பிறகுதான் வந்தது.

இப்போது அந்த வீட்டுச் சிட்டையில் சில வரிகள் மாறியிருக்கின்றன. எண்ணெய் நான்கு லிட்டர். தட்டைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை என்று மூன்று புது வரி. சாயந்திரம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். பயறுகளில் இருக்கும் கரையும் நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். புதுப் பித்தநீர் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்டிராலைத்தான் எடுத்தாக வேண்டும். வாரம் இரண்டு நாள் மத்தி மீன், பொரிக்காமல் குழம்பாக. வஞ்சிரம்தான் மீன் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், ஒமேகா-3 கொழுப்பு மத்தியில் தாராளம், விலையும் மலிவு. மாமாவுக்கு ஒரு சந்தேகம்: இவ்வளவு மாற்றிய பிறகும் மாத்திரை எதற்கு? கேட்டதற்கு டாக்டர், "நீங்க சாப்பாட்ட மாத்தினது அடுத்த அடைப்பு வராம இருக்க. மாத்திரையும் அதுக்குத்தான். ஒண்ண வச்சு இன்னொண்ண நிறுத்தாதீங்க" என்றார்.

இதெல்லாம் மாதச் சிட்டை போட்டு வாங்குகிற வீடுகளின் கதை. ரேஷனை நம்பியிருக்கும் வீட்டில் தட்டைத் தீர்மானிப்பது கார்டுதான். பல கார்டுகளுக்கு அரிசி 20 கிலோ வரை இலவசம். துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். பாமாயில் ஒரு லிட்டர், 25 ரூபாய். இந்த மூன்றும் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ அதே விகிதத்தில்தான் அந்த வீட்டுத் தட்டும் இருக்கும். டாக்டர் என்ன எழுதிக் கொடுத்தாலும் சரி. பாமாயிலுக்குப் பதிலாகக் கடலை எண்ணெயோ தேங்காயெண்ணெயோ கொடுக்க வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. விவசாயிக்கு அது நியாயமான கோரிக்கை. இதயத்துக்கு என்று பார்த்தால் கடலை எண்ணெய்க்கு என் ஓட்டு, தேங்காயெண்ணெய்க்கு இல்லை. அதைவிட அவசரம், அந்த ஒரு கிலோ பருப்பு இரண்டு கிலோ ஆவது. நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023-இலிருந்து அரிசியில் இரண்டு கிலோவைக் குறைத்து அதற்குப் பதில் கேழ்வரகு கொடுத்துப் பார்க்கிறார்கள். அதே ஏற்பாட்டில் அந்த இரண்டு கிலோவுக்குக் கொள்ளோ தட்டைப்பயறோ போட்டால் நம் ஊர் மானாவாரிக் காட்டில் விளைகிறதற்கும் ஒரு நிச்சயமான ஆள் கிடைப்பார். என் கடையில் பயறு வியாபாரம் கொஞ்சம் படுக்கும். பரவாயில்லை.